செவ்வாய்க்கிழமை 5.30 மணி: ஒரு குடும்ப ஆதரவுச் சேவையோடு 14 மாதம்

இதுவரை நான் மதிப்புரை எழுதியதெல்லாம் ட்ரில்லிங் மெஷின், ஏர் கம்ப்ரசர், ஸ்பேனர் செட் மாதிரியான சாமான்களுக்குத்தான். லாரி மெக்கானிக் நான். வாங்கின மறுநாளே நல்லது கெட்டது சொல்கிற பழக்கம் கிடையாது. ஆறு மாதமாவது அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எழுதுவேன். இந்தக் குடும்ப ஆதரவுச் சேவையோடு 14 மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். பெயர் போடவில்லை. குறை நிறைய எழுதப் போகிறேன், அதே இடத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு நன்றிக்கடனும் பட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் இரண்டில் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் எழுத வேண்டிவரும்.

விஷயம் இதுதான். என் தங்கைக்கு மனச்சோர்வு நோய். வருத்தம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், நோய். நாள் கணக்கில் கட்டிலை விட்டு எழ மாட்டாள், பேச மாட்டாள். மச்சான் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார், அந்தக் கதை இங்கே வேண்டாம். கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. 13 வயது மகள் பாப்பாவும் 6 வயது மகனும் ஆளுக்கொரு சூட்கேஸோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் தனி ஆள். ஒரே அறை, அதில் பாதி என் டூல்ஸ். தாய்மாமன் என்பதைத் தவிர பிள்ளை வளர்க்க எனக்கு வேறு தகுதி ஒன்றும் இல்லை.

சேவையைத் தேடி நான் போகவில்லை. பாப்பா வகுப்பில் தூங்குகிறாள் என்று கண்டுபிடித்த ஒரு டீச்சர், என்னைக் கூப்பிட்டுப் பேசி, சம்மதம் கேட்டு, இந்தச் சேவைக்கு ரெஃபரல், அதாவது பரிந்துரை, போட்டார். சம்மதம் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது கட்டாயம் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. 'குடும்ப ஆதரவு' என்று யாராவது ஃபைலோடு வீட்டுக்கு வந்தால், முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

இந்தப் பயத்தில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மேனுவலைப் படிக்காமல் எந்த சாமானையும் தொடாத ஆள் நான், அதனால் இதற்கும் தேடிப் படித்தேன். பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளின் பராமரிப்பு பற்றி 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடப் பிறந்தவர்களை இயன்றவரை பிரிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எல்லா இடத்திலும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்றால் அது வேறு கேள்வி. ஆனால் ஒரே அறை வீடு என்பதற்காக யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது என்று எழுத்தில் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதை அந்த அலுவலகமே முதல் நாள் ஒரு தாளில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முதல் குறை அது.

இரண்டாவது குறை காத்திருப்பு. ரெஃபரல் போட்டதிலிருந்து முதல் ஆள் வீட்டுப்படி ஏறும்வரை 11 வாரம். நடுவில் ஒரு போன்: "இன்னும் உங்களுக்குத் தேவை இருக்கிறதா?" இன்ஜின் சீஸ் ஆகி வண்டி நடுரோட்டில் நிற்கும்போது, இன்னும் ரிப்பேர் வேண்டுமா என்று கேட்பது மாதிரி இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் 12-வது வாரமாகியிருக்கும்.

அப்புறம் படிவம். 'பிள்ளைக்கு உறவு' என்ற இடத்தில் மூன்றே கட்டம்: தாய், தந்தை, மற்றவை. மற்றவையில் டிக் அடித்தேன். மாமா என்ற சொல்லுக்கு ஒரு கட்டம் போட மையா தீர்ந்துபோயிற்று? சின்ன விஷயம்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினாலும் "நீங்கள் யார்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதற்கு அந்தக் கட்டம்தான் காரணம் என்று இன்னும் நினைக்கிறேன். ஒரே கதையை நான்கு பேரிடம் நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை பாப்பா பக்கத்தில் இருந்தாள். "மாமா, எழுதியே கொடுத்துடலாம்ல?" என்றாள். அன்று ராத்திரி அவளே ஒரு பக்கத்தில் எழுதினாள், அதைப் பத்து காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். இது யாருக்காவது உதவும் என்றால் அப்படியே செய்யுங்கள். யார் கேட்டாலும் அந்தத் தாளை நீட்டுங்கள். பிள்ளையின் காதுபட அந்தக் கதையை ஐந்தாவது தடவை சொல்லாதீர்கள்.

படிவங்களில் ஒன்று மட்டும் உருப்படியானது. 25 கேள்வி. தலைவலி வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்கிறதா, மற்றப் பிள்ளைகளோடு ஒட்டுகிறதா, யாருக்காவது அடிபட்டால் ஓடிப்போய் உதவுகிறதா என்கிற மாதிரி. ராபர்ட் குட்மன் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்டது, பல மொழிகளில் இருக்கிறது. 11 வயதிலிருந்து பிள்ளைகளே தங்களைப் பற்றி நிரப்ப ஒரு தாள் தனியாக உண்டு. நான் நிரப்பினதில் பாப்பாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உதவி செய்கிறாள், சொன்ன பேச்சு கேட்கிறாள், சண்டை இல்லை. அவளே நிரப்பின தாளில் கவலை, பயம், சோகம் சம்பந்தப்பட்ட அத்தனையும் உச்சத்தில். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று மாதமாக என்னோடு இருக்கிற பிள்ளை.

இனி நான் நன்றிக்கடன் பட்ட அந்த ஆளைப் பற்றி. சமூகப் பணியாளர், முப்பதுக்குள் வயது. பிள்ளைகள் அக்கா என்றார்கள், நான் மேடம் என்றேன், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் அண்ணே என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை 5.30 மணி. அலுவலகம் 5 மணிக்கு மூடிவிடும், என் ஷிப்டும் 5 மணிக்குத்தான் முடியும் என்று தெரிந்ததும் அவர் எடுத்த முடிவு அது. முதல் நாள் சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து சின்னவனோடு ஒரு உடைந்த பொம்மை லாரியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கிளம்பும்போது என்னிடம் ஒரே கேள்வி: "உங்களுக்கு யார் இருக்காங்க?" பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு யார் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒர்க்‌ஷாப் என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்றாவது வாரம் ஒரு பேப்பரில் மூன்று வீடு வரையச் சொன்னார் சின்னவனை. ஒன்று கவலை வீடு, ஒன்று நல்ல விஷயங்களின் வீடு, ஒன்று கனவு வீடு. நியூசிலாந்தில் சமூகப் பணியாளர்கள் உண்டாக்கின முறையாம். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காமல், வரையவிட்டு, வரைந்ததைப் பற்றி மட்டும் பேசுவது. அவன் நல்ல வீட்டில் லாரி வரைந்தான், எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கனவு வீட்டில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கவலை வீட்டில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி.

அது என்ன என்று கேட்டார். "கதவுக்குப் பின்னாடி இருக்கே, அது" என்றான்.

வந்த நாளிலிருந்து இரண்டு சூட்கேஸும் கதவுக்குப் பின்னால்தான் நின்றன. அதிலிருந்துதான் தினமும் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான், துவைத்ததும் அதிலேயே மடித்து வைத்தான். இடம் இல்லை என்பதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்கோ அது எந்த நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்பதற்கான அடையாளமாக இருந்திருக்கிறது. மேடம் என்னைப் பார்த்துத் திட்டவில்லை. "அலமாரியில் இவனுக்கு எந்தத் தட்டு அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி சாக்கெட் செட்டும் டார்க் ரெஞ்சும் வைத்திருந்த இரண்டு தட்டைக் காலி செய்தேன். டூல்ஸ் எல்லாம் கட்டிலுக்கடியில் போயின. கிரீஸ் வாடை போக மூன்று தடவை துடைத்தோம். சூட்கேஸை எங்கே வைக்கலாம் என்று அவனையே கேட்டேன். பரண் மேலே, சுவர்ப் பக்கமாகத் திருப்பி, என்றான்.

இந்த ஒரு ராத்திரிக்காகவே இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் போடலாம். ஆனால் மதிப்புரை என்று உட்கார்ந்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கே ஏன் வர வேண்டும், அலுவலகத்துக்கு நாம் போனால் ஆகாதா என்று தோன்றும். அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியை யார் பார்த்திருப்பார்கள்? வண்டியைப் பார்க்காமல் போனிலேயே ரிப்பேர் சொல்லச் சொல்கிற ஓனர்களை எனக்குத் தெரியும். வீடு தேடிப் போவதால் என்ன பயன் என்பதை அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1977-ல் தொடங்கி ஆராய்ந்திருக்கிறார். கிட்டத்தட்ட 400 கர்ப்பிணிகள். ஒரு பகுதியினருக்குக் கர்ப்ப காலம் தொடங்கி, பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை நர்ஸ்கள் வீட்டுக்குப் போனார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் கொடுமைக்கும் கவனிப்பின்மைக்கும் ஆளானதாகப் பதிவான புகார்கள் குறைவு. நர்ஸ் நின்ற பிறகு 13 வருடம் ஓடியிருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சின்னவன் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தான். நின்றுபோய் இரண்டு வருடம் ஆன பழக்கம் திரும்பி வந்தது. ஈரத் துணியைச் சுருட்டி என் ஜாக் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். இதற்கு மேடம் சொன்னது சுருக்கம்: திட்ட வேண்டாம், வேண்டுமென்று செய்வதில்லை, முதலில் டாக்டரிடம் காட்டிச் சிறுநீரில் தொற்று இல்லை என்று உறுதி செய்யுங்கள், மாற்றுத் துணியை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அப்படியே செய்தோம். சில மாதத்தில் தானாக நின்றது.

பாப்பா விஷயம் அத்தனை சுலபமில்லை. என் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருடமாக அந்த வீட்டை நடத்தியதே அவள்தான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சமையல், தம்பியைக் கிளப்புவது, அம்மாவின் மாத்திரையை எண்ணி வைப்பது, ராத்திரி இரண்டு தடவை எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பது. வகுப்பில் தூங்காமல் என்ன செய்வாள்? என் வீட்டுக்கு வந்த பிறகும் நான் பாத்திரம் கழுவினால் அவள் மறுபடி கழுவினாள். பெரிய உதவியான பிள்ளை என்று நான் ஒர்க்‌ஷாப்பில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர்கள் என்று இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே தனிச் சேவைகள் இருக்கின்றன என்பதும், வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு நல்ல பிள்ளையாகத் தெரிவதுதான் இவர்களுக்கு ஆபத்து என்பதும் மேடம் சொல்லித்தான் தெரியும்.

சனிக்கிழமைகளில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு. முதலில் அவளைச் சேர்த்தது வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிற குழுவில். இரண்டு வாரம் போனாள். மூன்றாம் வாரம், "மாமா, எல்லாரும் அழுறாங்க, நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்துட்டு வரேன்" என்றாள். அங்கேயும் போய்ப் பணிவிடை! மேடமிடம் சொன்னேன். நல்ல சேவையா இல்லையா என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும். இன்னும் நாலு வாரம் பார்ப்போம் என்று இழுக்காமல், யாரும் எதுவும் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத இன்னொரு குழுவுக்கு மாற்றினார். ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, பழைய மட்டைகள், கேள்வி கேட்காத ஒரு அண்ணன், அவ்வளவுதான். பந்து பொறுக்கிற சாக்கில் இன்னொரு பெண்ணோடு பேசத் தொடங்கியிருக்கிறாள், அவள் அம்மாவுக்கும் இதே நோய். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 13 வயதுப் பிள்ளை தோற்றால் அப்படித்தானே வர வேண்டும்.

பெற்றோர் பயிற்சி வகுப்பு ஒன்று 8 வாரம் நடந்தது. நான் ஒருவன்தான் ஆண். கையேட்டில் வரும் படம் எல்லாம் அம்மா, உதாரணம் எல்லாம் கைக்குழந்தை. நல்லது செய்தால் என்ன செய்தாய் என்று குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டு என்ற ஒரு பாடம் உதவியது. மிச்ச ஏழு வாரத்துக்கு நான் லீவு போட்டதுதான் மிச்சம்.

கவுன்சிலிங் நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் யார்? வேலை இல்லாதவர்கள், இல்லை என்றால் வேலை போனாலும் பரவாயில்லை என்கிறவர்கள். ஹெல்ப்லைனும் 5 மணிக்கு அணைந்துவிடும். ஒரு வீட்டில் பிரச்சினை ராத்திரி 11 மணிக்கு வரும் என்பது இத்தனை குடும்பத்தைப் பார்த்த அலுவலகத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

இப்போது என் பெரிய கோபத்துக்கு வருகிறேன். ஐந்து மாதம் முடிந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை 5.30-க்கு மணி அடித்தது. சின்னவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வேறு யாரோ நின்றார்கள். கையில் எங்கள் ஃபைல். மேடமை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம், முந்தின நாள்தான் உத்தரவாம், போன் செய்ய நேரமில்லையாம். வந்தவர் நல்லவர்தான், பாவம், அவர்மேல் தப்பு இல்லை. சின்னவன் கட்டிலுக்கடியில் போய் டூல்ஸோடு படுத்துக்கொண்டான். அன்று ராத்திரி பரணைப் பார்த்துக்கொண்டே, "பெட்டியை இறக்கணுமா மாமா?" என்று கேட்டான்.

அம்மா ஒரு நாள் காணாமல் போனாள், வீடு ஒரு நாள் காணாமல் போனது, இப்போது அக்காவும். அவன் கணக்கு சரிதானே? வளர்ந்தவர் ஒருவர் பிள்ளைக்குத் துணையாக வாரந்தோறும் வரும் திட்டங்களை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு பேர் ஆராய்ந்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவு பிள்ளைக்கு நல்லது செய்கிறது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனால் பிள்ளை தன்மேல் வைத்திருக்கிற மதிப்பே குறைகிறது, யாரும் வராமலே இருந்திருந்தால்கூட அந்தச் சேதம் வந்திருக்காது. நாங்கள் ஐந்து மாதத்தில் நின்றோம், ரெண்டுங்கெட்டான். இதைப் படித்துவிட்டு அந்த அலுவலக மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதினேன் என்றால் நான் சொல்ல பாப்பா எழுதினாள், கோபமான இரண்டு வரியை அவளே அடித்துவிட்டாள். கேட்டது இரண்டு: பழைய மேடம் மூன்று தடவையாவது புதியவரோடு சேர்ந்து வந்து, சின்னவனிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஆள் மாறினாலும் நேரம் மாறக் கூடாது. புதியவர் அதற்குள் வியாழக்கிழமை 3 மணி என்று மாற்றி வைத்திருந்தார்.

இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். கடைசித் தடவை மேடம் வந்தபோது சின்னவன் வரைந்த மூன்று வீட்டு பேப்பரை அவனிடமே திருப்பிக் கொடுத்து, ஃபைலில் இருக்கிறது காப்பிதான், அசல் உன்னுடையது என்றார். அதன்பிறகு ஒரு மாதம்போல அவன் புதியவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை 5.25-க்கு ஜன்னலோரம் போய் நிற்பான். முதலில் அந்த நேரத்தோடு சமாதானம் ஆனான், ஆளோடு ஆனது அப்புறம்தான். ஒரு சேவையில் சேரப் போகிறீர்கள் என்றால், எத்தனை வகுப்பு நடத்துகிறீர்கள் என்று கேட்காதீர்கள். வருகிற ஆள் எத்தனை மாதம் வருவார், மாறினால் எப்படிச் சொல்லிக்கொண்டு போவார் என்று கேளுங்கள். எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு விடுதியில் இருந்த மாதங்களில் பிள்ளைகளைச் சந்திக்க அலுவலகத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம். மூலையில் ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். சுவர்க் கடிகாரம் மிகப் பெரியது. பேச்சு வராமல் எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த தடவை பாப்பா அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவை உட்கார வைத்தாள், அவள் கண்ணில் அது படாது. அதற்கு மேல் யாருக்கும் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

கடைசியாகக் குடும்பக் கூட்டம். இதுவும் நியூசிலாந்துச் சரக்குதான். மாவோரி மக்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கத் தங்கள் சுற்றத்தாருக்கு உரிமை வேண்டும் என்று கேட்டதிலிருந்து, 1989-ல் அங்கே சட்டமாகவே வந்தது. சொந்தக்காரர்களை எல்லாம் ஒரே அறையில் கூட்டுவார்கள். அதிகாரிகள் நிலவரத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். உள்ளே குடும்பம் மட்டும் பேசித் திட்டம் போட வேண்டும். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் குடும்பம் கடைசியாக ஒரே அறையில் உட்கார்ந்தபோது நடந்ததை நினைத்தால்... சரி, வேண்டாம்.

ஒன்பது பேர் வந்தார்கள். நாலு வருடமாகப் பேசாத என் அண்ணன் வந்தார். முதல் அரைமணி நேரம் யார் யாருக்கு என்ன செய்யவில்லை என்ற பழைய கணக்கு. பாப்பா எழுந்து சார்ட் பேப்பரில் ஏழு கிழமையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காலி இடம் விட்டு, மார்க்கரை நடுவில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் முதலில் எடுத்தார். வெள்ளிக்கிழமைக்கு எதிரே தன் பெயரை எழுதினார். அப்புறம் மார்க்கர் கை மாறிக்கொண்டே போனது. தங்கை வீடு திரும்பினால் மாத்திரையை யார் பார்ப்பது, அவள் எழுந்திருக்காத நாளில் முதலில் யாருக்குப் போன், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று அடியில் தனியாக எழுதினோம். 'பாப்பா' என்று எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது என்று நான் மட்டும் பிடிவாதமாக நின்றேன். எழுதினதில் இரண்டு பெயர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. யார் என்று குடும்பத்துக்கே தெரியும்.

14-வது மாதம் 'இலக்குகள் எட்டப்பட்டன' என்று ஃபைலை மூடினார்கள். தங்கை பிள்ளைகளோடு என் தெருவிலேயே ஒரு வீட்டில் குடியேறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உதவி மிகத் தேவைப்படும் நேரம் அதுதான் என்றேன். விதிப்படி அவ்வளவுதான் நீட்டிக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து விசாரிக்கப் போன் வரும் என்றார்கள். வரவில்லை.

ஃபைல் மூடின ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, தங்கை எழுந்திருக்கவில்லை. நான் டெலிவரி வண்டி ஒன்றின் அடியில் படுத்திருந்தேன், போன் மேலே இருந்தது. சேவைக்குப் போன் போட்டாலும் பதில் தெரிந்ததுதான்: சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை, புதிதாக ரெஃபரல் போடுங்கள். பாப்பா சார்ட்டைப் பார்த்திருக்கிறாள். முதல் பெயர் என்னுடையது, எடுக்கவில்லை. இரண்டாவது சித்தி. சித்தி வந்து தங்கையை எழுப்பி உட்கார வைத்து, டாக்டருக்குப் பேசியிருக்கிறார். நான் அழைப்பைப் பார்த்துவிட்டு, கிரீஸ் கையோடு ஓடிப்போனபோது அறைக்குள் சித்தி இருந்தார், சின்னவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். பாப்பாவைக் காணவில்லை. எங்கே என்று பதறிக் கேட்டேன்.

"டேபிள் டென்னிஸுக்குப் போயிருக்கா. நான்தான் போகச் சொன்னேன்னு நினைக்காதே, அவளாவே மட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா" என்றார் சித்தி.